சுற்றிப்போன சொற்கள்

இருளாயி எழுதியதை மனிதர் யாரும் எழுதவில்லை என்று மெஷின் இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டது.

திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று வந்து நின்றது. அதற்குள் இருந்ததை அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'இந்த வாக்குமூலம் இயந்திரத்தால் எழுதப்பட்டது. ஏற்க இயலாது. மீதமுள்ள வாய்ப்பு: ஒன்று.' வாசித்து முடித்ததும் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கண்ணாடித் தூள் ஏறி ஏறி விரல் நுனியெல்லாம் மரத்துப்போன கை. இந்தக் கை அடித்ததைப் போய் ஒரு மெஷின் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடுகிறதே என்றிருந்தது அவளுக்கு.

"ஏத்தா ஜெசிந்தா, போன தடவை எம்புட்டுப் போட்டுச்சு?"

"தொண்ணூத்தாறுக்கா. நூத்துக்குத் தொண்ணூத்தாறு பங்கு மெஷின் எழுதுனதாம்."

"இப்ப?"

"தொண்ணூத்தொம்பது."

"கூடிப்போச்சே!"

"போன தடவையவிட நல்லாப் பாத்துப் பாத்து எழுதுனீங்கள்ல, அதான்" என்றாள் ஜெசிந்தா.

கமுதி ரோட்டில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் இருக்கிறது ஜெசிந்தாவின் இ-சேவை மையம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு இரும்பு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பதினைந்து வருஷமாக அந்த வட்டாரத்து மனுக்கள் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகின்றன. இருளாயி வந்து உட்கார்ந்தபோது மணி பதினொன்று. இப்போது இரண்டரை. சாயங்காலம் ஐந்து மணியோடு விசாரணைக் கமிஷன் வாக்குமூலம் வாங்குவதை நிறுத்திவிடும்.

நாற்பது நாளைக்கு முன்னால், பழைய சோலார் தகடுகளை உடைத்து அரைக்கிற ஆலையில் போத்திராஜ் செத்துப்போனான். அரவை மெஷினுக்குள் சிக்கிச் செத்தான். 'குடித்துவிட்டு வேலைக்கு வந்தார், ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குள் தானாகவே ஏறினார்' என்று ஆலை நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. போத்திராஜ் பீடிகூடக் குடித்ததில்லை. அவன் பெண்சாதி அழகுமீனாள் தண்ணீர்க் குழாயடிக்குப் போவதையே விட்டுவிட்டாள். மூத்த மகளைப் பள்ளிக்கூடத்தில் 'குடிச்சுச் செத்தவன் மக' என்று சொன்னார்களாம். அன்றைக்கு அந்த ஷிப்டில் அவனைத் தவிர ஆறு பேர் இருந்தார்கள். நாலு பேர் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் சூப்பர்வைசர் தனபால். ஆறாவது, சுவிட்ச் பலகையில் நிற்கிற இருளாயி. அவன் குடிகாரன் இல்லை என்று எழுத அவள் ஒருத்திதான் மிச்சம்.

"இங்க பாரு, நல்லா எழுதுனா அது மெஷினுங்குது. அப்ப மோசமா எழுதுனாத்தான் மனுசனா?"

"அப்படித்தாங்க்கா ஆகிப்போச்சு." ஜெசிந்தா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "முன்னால எல்லாரும் தப்பும் தவறுமா எழுதுவோம். அப்புறம் செம்மைன்னு ஒண்ணு வந்துச்சா? நாம அடிக்க அடிக்க அதுவே தப்பைத் திருத்திரும்."

"தெரியும். எம் போன்லயும் இருக்கு. நான் அதத் தொடுறதில்ல."

"நீங்க ஒருத்தர்தான் தொடாதவரு. மொதல்ல எழுத்தை மட்டும் திருத்துச்சு. அப்புறம் வாக்கியத்தையே திருத்துச்சு. அப்புறம் நாலு வார்த்தை சொன்னாப் போதும், அதுவே நாப்பது வரி எழுதிக் குடுத்துச்சு. லீவு லெட்டர், கல்யாணப் பத்திரிகை, எழவுக்கு எழுதுறது, எல்லாம் ஒரே மாதிரி ஆயிருச்சு."

இருளாயிக்கு அது தெரியாததல்ல. போத்திராஜ் செத்த நாலாம் நாள், அழகுமீனாளுக்கு வந்த மூன்று கடிதங்களை அவள்தான் வாசித்துக் காட்டினாள். ஒன்று ஆலை நிர்வாகம் அனுப்பியது. ஒன்று சங்கத்துக்காரர்கள் அனுப்பியது. மூன்றாவது சிங்கப்பூரிலிருந்து அழகுமீனாளின் கூடப்பிறந்த அண்ணன் எழுதியது. மூன்றும் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று ஆரம்பித்து, 'மன வலிமையை அளிக்கட்டும்' என்று முடிந்திருந்தன. "மதினி, படிச்சதையே படிக்கிறீங்களா?" என்று கேட்டாள் அழகுமீனாள். அண்ணன் கடிதத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவன் கைபட்ட இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"அப்புறம் மனுவா வந்து குவிஞ்சிருச்சு" என்றாள் ஜெசிந்தா. "ஒரு கம்பெனிக்காரன் ஒரே ராத்திரியில லட்சம் பேரு பேருல மனுப் போடுறான். எது மனுசன் சொன்னது, எது மெஷின் சொன்னதுன்னு கண்டுபிடிக்க முடியல. அதுக்குத்தான் இந்தச் சோதனை. எழுத்துல பிழை இருக்கான்னு பாக்கும். மனுசன்னா எங்கயாவது தடுக்கி விழுவான்ல? ஒண்ணுகூட இல்லைன்னா மெஷினு."

"நான் இங்கனதான உக்காந்து ஒத்த விரல்ல அடிச்சேன். நீ பாத்தேல்ல?"

"நான் பாத்தேன். மெஷின் எழுதுனத போன்ல வச்சுக்கிட்டு, அதப் பாத்தே அடிக்கிற ஆளுக இருக்காகல்ல?"

"வாயால சொல்றேன், பிடிச்சுக்கிறச் சொல்லு."

"குரலையும் மெஷின் பேசுதேக்கா."

"நேர்ல போயி அதிகாரி முன்னால நின்னா?"

"எழுத்து தேறுனாத்தான் நேர்ல கூப்பிடுவாக."

இருளாயி சிரித்துவிட்டாள். அலுத்துப்போன சிரிப்பு. நாற்பத்தெட்டு வயது வரைக்கும் எழுத்துத் தெரியாதவள் என்று எல்லா ஆபீஸிலும் கைநாட்டு வாங்கினார்கள். இப்போது எழுத்துத் தெரிந்தும் ஆள் இல்லை என்கிறார்கள்.

"தனபால் எழுதிட்டானா?"

ஜெசிந்தா பட்டியலைத் திறந்து காட்டினாள். தனபால் பெயருக்கு எதிரில் பச்சையாக ஒரு பொட்டு. மனிதர். முதல் வாய்ப்பிலேயே ஏற்கப்பட்டது. வாக்குமூலத்தை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆலை நிர்வாகம் சொன்னதேதான், பதினாறு வரியில் முப்பது பிழையோடு. பி.காம். படித்தவன், எதைப் பற்றியும் கவலை இல்லாமல் பஸ்ஸில் வரும்போது பெருவிரலால் தட்டிவிட்டிருப்பான் போல.

"அம்புட்டும் பொய்யி" என்றாள் இருளாயி.

"பொய்யா நெசமான்னு அது பாக்கலக்கா. மனுசனா இல்லையான்னுதான் பாக்குது. பொய் சொல்றதுக்கும் மனுசன்தானே வேணும்?"

வெளியில் டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீங்க. பிழை தூவுறதுக்குன்னே ஒரு ஆப் வந்திருக்கு. எழுதுனதக் குடுத்தா அங்கங்க பிழை போட்டுக் குடுக்கும். லேசாவா, நடுத்தரமா, காரமாவான்னுகூடக் கேக்கும்."

"ஓட்டல்ல தோசைக்குக் கேக்குற மாதிரியா?"

"ஆமா. எல்லாரும் அதான் செய்றாக. காரமா ஒண்ணு போட்டுருவமா?"

இருளாயி டம்ளரை வைத்தாள். "அந்தப் பிழை யாரு போட்ட பிழை?"

"மெஷின்தான்."

"அப்ப மெஷின் எழுதுனா மனுசன், மனுசி எழுதுனா மெஷினு. நல்லாருக்குத்தா ஒங்க நாயம்." தலையை ஆட்டினாள். "வேணாம். இந்த எழுத்தை எனக்குச் சொல்லிக்குடுத்தவனே அவன்தான். அவன் சாவுக்கு எழுதுறதுல மெஷினை விட்டுத் தப்புப் போடச் சொல்லுவனா?"

ஜெசிந்தாவுக்கு இது புதுச் செய்தி. "போத்திராஜ் அண்ணனா சொல்லிக்குடுத்தாக?"

அவளைவிடப் பதினோரு வயது இளையவன் போத்திராஜ். ஆலைக்கு வருகிற தகடுகள் இருபது முப்பது வருஷம் வெயிலில் கிடந்தவை. மேலே விரல்கடை கனத்துக்குத் தூசி படிந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தகட்டைச் சுவரில் சாய்த்துவைத்து, அந்தத் தூசியில் விரலால் எழுதிக் காட்டுவான். ஒரு தகட்டுக்கு ஒரு பாடம். சாப்பாட்டு மணி முடிந்ததும் பாடம் அரவைக்குப் போய்விடும். எல்லாரும் முதலில் பெயர் எழுதத்தான் கற்றுக்கொள்வார்கள். அவன், "பேரை அப்புறம் எழுதலாம் மதினி. பேருல என்ன, ரேஷன் கார்டுக்காரன் எப்படி எழுதுனானோ அதான் பேரு. மொதல்ல இதை எழுதுங்க" என்று 'நான்' என்று எழுதிக் காட்டினான். ரெண்டே எழுத்து. அவள் எழுதியதும், "ஆங், இப்ப இந்த எடத்துல ஒரு ஆளு வந்து நிக்குது பாருங்க" என்றான்.

ஆலைச் சுவரில் இருந்ததையெல்லாம் அடுத்து வாசித்தாள். சுவிட்ச். அபாயம். வெளியே. குடிநீர். ஆறு வருஷத்தில் எத்தனையோ தகடு.

"அதுசரி, எப்படிக்கா ஒரு பிழைகூட வராம எழுதுறீங்க? நான் டிகிரி முடிச்சவ. எனக்கே பத்து வரிக்கு நாலு வரும்."

"அதுல ஒண்ணும் வித்தையில்ல. தெரியாத சொல்லை நான் எழுதவே மாட்டேன். கீறல் விட்ட தகட்டைத் தூக்கும்போது கீறல் பக்கம் கை வைக்க மாட்டோம்ல, அது மாதிரி. நிச்சயமாத் தெரிஞ்ச சொல்லா இருந்தா எழுதுவேன். இல்லாட்டி சுத்திப் போயிருவேன். வேற பக்கமாப் போயி அடுத்த சொல்லைப் பிடிச்சுக்கிருவேன். படிச்சவுகளுக்குத் தப்பு வந்தா 'அவசரத்துல வந்திருச்சு'ம்பாக. எனக்கு வந்தா, 'இதுக்கெல்லாம் எதுக்கு எழுத்து'ம்பாக. அதனால அடிமேல அடி வச்சுத்தான் எழுதுறது."

ஜெசிந்தா திரும்பவும் வாக்குமூலத்தைத் திறந்தாள். இத்தனை நேரம் பிழை இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, வாசிக்கவில்லை. இப்போது வாய்விட்டு வாசித்தாள்.

'என் பெயர் இருளாயி. நான் ஆலையில் வேலை செய்கிறேன். போத்திராஜ் நல்லவர். காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தார். அவர் குடிக்கவில்லை. பத்து மணிக்கு மேல் மெஷின் நின்றது. அவர் உள்ளே போனார். பிறகு அவர் இறந்தார். இது உண்மை.'

வாசித்துவிட்டுத் திரையில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"அக்கா, 'உள்ளே போனார்', 'பிறகு இறந்தார்'. இது ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?"

இருளாயி தெருவைப் பார்த்தாள். பஞ்சர் கடைக்காரன் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கு எனக்கு எழுத்து தெரியல" என்றாள்.

"நெசமாவா?"

"அதெல்லாம் பெரிய பெரிய சொல்லு. கண்காணிக்கிறவரு, பாதுகாப்பு, அவசரப்படுத்துறது... எந்த எழுத்து எங்க வரும்னு நிச்சயமில்ல."

"நிச்சயமில்லாட்டிப் போகுது. அதையே எழுதுங்க. சுத்திப் போகாம நேராப் போங்க. தப்பு தானா வரும். யாரும் தூவ வேண்டாம்." ஜெசிந்தா கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "செம்மையை அமத்தி வச்சிருக்கேன். நான் அங்கிட்டு உக்காந்திருக்கேன். பாக்க மாட்டேன்."

மணி மூன்றேகால்.

முதல் சொல்லுக்கே கை வரவில்லை. தெரியாத இடத்தில் கால் வைக்கிற மாதிரி இருந்தது. ரெண்டு சுழி னவா மூணு சுழி ணவா என்று ஒவ்வொரு சொல்லும் அவளை மறித்து நின்று கேட்டது. வழக்கமாக அப்படிக் கேட்டால் அவள் ஒதுங்கிப் போய்விடுவாள். இன்றைக்கு, 'என்னமோ ஒண்ணு, வழிய விடு' என்று தள்ளிக்கொண்டு போனாள். ஐந்தாறு வரி போனதும் பயம் விட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் எழுதாமல் விட்ட சொற்களெல்லாம் எங்கேயோ வரிசையாக நின்றுகொண்டிருந்த மாதிரி, ஒன்று பின்னால் ஒன்றாக வந்தன. வேர்த்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடித்தாள். ஒரு இடத்தில் விரல் தானாக நின்றது. ரொம்ப நேரம் நின்றது. ஜெசிந்தா இரண்டு பேருக்குச் சாதிச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்து அனுப்பும்வரை அப்படியே இருந்தாள். பிறகு ஒரே ஒரு வரி அடித்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாசிச்சுப் பாரு" என்றாள்.

ஜெசிந்தா வந்து குனிந்து வாசித்தாள்.

'காலை பத்தறை மணிக்கு அறவையில் தகடு அடைத்துக் கொண்டது. அடைத்தால் பாதுகாப்பு சாவியைக் கலட்டி உள்ளே போகிற ஆள் கையில் கொடுக்க வேண்டும். அப்போது யாரும் மெஷினை ஓட விட முடியாது. ஆனால் கன்கானிப்பாலர் தணபால் சாவியைக் கலட்ட விட மாட்டார். நேறம் வீனாகுது என்பார். அதணால் நாங்களே ஒரு வளக்கம் வைத்திருந்தோம். உள்ளே போனவர் வெளியே வந்ததும் இறும்புத் தட்டில் ஸ்பாணரால் மூன்று தட்டு தட்டுவார். மூன்று தட்டு கேட்ட பிரகுதான் ஓட விடுவது. ஆறு வருசமாக அப்படித்தான். அன்றைக்கு லாறி காத்துக் கொண்டு நின்றது. தணபால் என் முதுகுக்குப் பின்னால் நின்று போடு போடு என்று அவசறப் படுத்திணார். உள்ளே ஆள் இருக்கு என்று சொண்னேன். வந்திருப்பான் போடு என்று சத்தம் போட்டார். மெஷின் நின்று தான் இருந்தது. ஓடிக் கொண்டிருக்கவில்லை. போத்திராஜ் கிருக்கன் இல்லை, குடிகாறன் இல்லை. அவர் எண்ணை நம்பி உள்ளே போனார்.'

அதற்குக் கீழே, தனியாக:

'மூன்று தட்டு கேட்கவில்லை. சுவிட்சைப் போட்டது நான்.'

ஜெசிந்தா நிமிரவில்லை. திரும்ப ஒரு தடவை வாசிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு யோசித்தாள். தனபாலின் வாக்குமூலம் அவளுக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த மெஷினில் அவனாகவே ஏறினான் என்றால், சுவிட்சைப் போட்டவர் என்று யாரும் இல்லை. அந்தப் பொய் தனபாலை மட்டும் காப்பாற்றவில்லை.

"இது அவனுக்குத் தெரியும்ல?"

"எழவு வீட்டுலயே வந்து சொன்னான். 'குடிச்சிருந்தான்னு போனாத்தான் ஒனக்கும் நல்லது, யோசிச்சுக்க'ன்னு. யோசிச்சுக்கிட்டே நாப்பது நாள் ஓடிருச்சு. எனக்கு எழுத்து தெரியல, எழுத்து தெரியலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு."

"அக்கா, கடைசி வரி இல்லாட்டியும் இது தேறிரும். தனபால் அவசரப்படுத்துனதும் இருக்கு, சாவியும் இருக்கு. அண்ணன் பேருல இருக்கிற கறை போயிரும். இந்த வரி எதுக்கு? வேலை போயிரும். ஒங்க மேலயும் கேசு வரும்." மவுஸைப் பிடித்து அந்த வரியை நீலமாக்கினாள். "ஒரு தட்டுத் தட்டுனா இது போயிரும். சொல்லுங்க."

"அந்த வரி இல்லாட்டி, சுவிட்சப் போட்டது யாருன்னு மீனாள் கேப்பாளே?"

"கேட்டா?"

"மறுபடியும் சுத்திப் போகணும். ஒவ்வொரு நாளும் அவ மொகத்தைப் பாத்துக்கிட்டே சுத்திப் போகணும். எனக்கு ஐம்பத்திநாலு ஆச்சுத்தா. காலு வலிக்குது."

ஜெசிந்தா நீலத்தை எடுத்துவிட்டாள்.

"இன்னிக்கு அந்த அரவையில யாரு உள்ள போறாக?" என்று கேட்டாள்.

"மாரிக்கண்ணு. சாவிய இன்னைய வரைக்கும் கழட்டல."

மணி நாலே முக்கால். அனுப்பு என்ற பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தி, ஜெசிந்தா எழுந்துகொண்டாள். அழுத்த வேண்டியது இருளாயி.

அவள் உடனே அழுத்தவில்லை. மையத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் யாரும் நிற்கவில்லை. வலது கையை மடக்கி, விரல் முட்டியால் இரும்பு மேஜையில் தட்டினாள். டண். கொஞ்சம் விட்டு இன்னொன்று. கொஞ்சம் விட்டு மூன்றாவது. அந்தச் சத்தம் முழுக்க அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம் அழுத்தினாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பஞ்சர் கடையில் காற்று ஏற்றுகிற சத்தம் கேட்டது. வட்டம் நின்று பச்சைக் கட்டம் வந்தது.

'மனிதர் எழுதியது. ஏற்கப்பட்டது. விசாரணைக்கு நேரில் வர வேண்டிய நாள் பின்னர் அறிவிக்கப்படும்.'

"தேறிருச்சுக்கா" என்றாள் ஜெசிந்தா. சந்தோஷப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிரிண்ட் எடுத்து நீட்டினாள். எந்த எழுத்தைப் பார்த்து மனிதர் என்று முடிவு செய்தது என்று காட்டுவதற்காக, பிழைகளுக்கெல்லாம் கீழே மெஷின் கோடு போட்டு அனுப்பியிருந்தது. காகிதம் முழுக்கக் கோடு. அடியில் இருந்த ஒற்றை வரி மட்டும் சுத்தமாக இருந்தது.

"இதுல மட்டும் ஒரு பிழையும் இல்லையே. இதெல்லாம் ஒங்களுக்குத் தெரிஞ்ச எழுத்துதானக்கா?"

இருளாயி காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெயில் தாழ்ந்திருந்தது. அழகுமீனாள் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அவளுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும்.

"ஆமாத்தா" என்றாள். "அதுல இருக்க கடைசிச் சொல்லுதான், அவன் எனக்கு மொதமொத எழுதிக் காட்டுனது."